வாஞ்சூர் டீசலும் 100 லிட்டர் டேங்கும்

கேள்வி: அண்ணே, நான் நாகூர். 2008-ல் வாங்கிய பொலிரோ பிக்கப் வைத்து நாகப்பட்டினத்திலிருந்து மீன் லோடு அடிக்கிறேன். வாரத்தில் நாலு நாள் திருச்சி, ஒரு நாள் கோயம்புத்தூர் உக்கடம். வாஞ்சூர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்கால் எல்லை என்பதால் அங்கே டீசல் லிட்டருக்கு 7 ரூபாய் குறைவு. ஆனால் என் டேங்கில் 55 லிட்டர்தான் பிடிக்கும். கோயம்புத்தூர் போய்த் திரும்புவதற்குள் நம் ஊர் விலையில் இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறது. அதிலும் டேங்கில் கால்வாசி இருக்கும்போதே வண்டி திணறி நின்றுவிடுகிறது, பைப்பில் புகுந்த ஏரை எடுத்துத்தான் கிளப்ப வேண்டும். முன்பு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 9 தான் கொடுக்கிறது. வயதாகிவிட்டது, என்ன செய்ய? லேத் பட்டறையில் பழைய டேங்கை வெட்டி நீட்டி 100 லிட்டர் ஆக்கித் தர 14,000 ரூபாய் கேட்கிறார்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு டேங்க் கட்டினால் 22,000 ஆகுமாம். எது நல்லது? மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும்போது வேலையை முடித்துவிட நினைக்கிறேன்.

பதில்:

தம்பி, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். கால்வாசி டேங்கில் வண்டி நின்றுவிடுகிறது என்பது ஒன்று. 12 கொடுத்தது 9-க்கு இறங்கிவிட்டது என்பது இன்னொன்று. அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். டேங்கில் இருப்பதில் கால் பங்கை உங்கள் வண்டி தொடுவதே இல்லை. தொடுகிற முக்கால் பங்கிலும் ஏறக்குறைய கால்வாசி வீணாக எரிகிறது. லேத் பட்டறைக்கு முன்பணம் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, வேலையை நிறுத்திவையுங்கள்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாகூரிலிருந்து உக்கடம் போய் வர 700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9 கொடுக்கிற வண்டிக்கு 78 லிட்டர் வேண்டும். உங்கள் 55 லிட்டரில் கால்வாசி, அதாவது 14 லிட்டர், அடியிலேயே கிடக்கிறது. கையில் இருப்பது 41 லிட்டர். அதை வைத்துக்கொண்டு 369 கிலோமீட்டர் போகலாம், அதாவது கோயம்புத்தூர் போய்ச் சேருவதோடு சரி. மீதி 37 லிட்டரை வழியில் போடுகிறீர்கள். லிட்டருக்கு 7 ரூபாய் என்றால் அதில் உங்களுக்குக் கைநட்டம் 259 ரூபாய். மனதை உறுத்துவது இந்த 259 ரூபாய்தான், இதை மிச்சம் பிடிக்கத்தான் பெரிய டேங்க் கேட்கிறீர்கள்.

இப்போது அதே வண்டி பழையபடி 12 வேண்டாம், 11.5 கொடுக்கிறது என்று வையுங்கள். உக்கடம் போய் வர 61 லிட்டர் போதும். ஒரு ட்ரிப்பில் 17 லிட்டர் மிச்சம். திருச்சி போக வர 290 கிலோமீட்டர், அதில் ட்ரிப்புக்கு 7 லிட்டர் மிச்சம், நாலு ட்ரிப்புக்கு 28. இரண்டையும் கூட்டினால் வாரத்துக்கு 45 லிட்டர் வருகிறது. 55-ஐ 100 ஆக்க நீங்கள் கூடுதலாகக் கேட்பதும் அதே 45 லிட்டர்தான். அந்தக் கொள்ளளவு முழுவதும் வாரா வாரம் புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது. லிட்டர் 85 ரூபாய் என்றே வைத்தாலும் வாரத்துக்கு 3,800 ரூபாய்க்கு மேல். 259 ரூபாய்க்குக் கவலைப்பட்டு 3,800 ரூபாயை வயது மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். அந்த மெக்கானிக்கல் பம்ப் வைத்த எஞ்சின் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல காலம் உழைக்கும்.

முதலில் அந்தக் கால்வாசி விவகாரம். வண்டி எப்போதும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிற்கிறதா, சில நாள் அரை டேங்கில்கூடத் திணறுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். கேஜ் முள் எப்போதும் அதே இடத்தில் இருக்கும்போது நின்றால், டீசலை உறிஞ்ச டேங்குக்குள் இறங்கும் சக்‌ஷன் பைப்பில் துரு தின்ற துளை இருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். டீசல் மட்டம் துளைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் பம்ப் டீசலை விட்டுக் காற்றைக் குடிக்கத் தொடங்கும். அப்புறம் ஃபில்டர் தலையில் இருக்கிற போல்ட்டைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை போய்ச் சுத்தமாக டீசல் வருகிறவரை நிற்க வேண்டியதுதான்.

போன வருடம் இதே குறையோடு ஒரு பிக்கப் வந்தது. அதற்கு முன் இரண்டு இடத்தில், டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பை மாற்றிவிட்டார்கள், ஃபில்டரை மூன்று முறை மாற்றிவிட்டார்கள். பைப்பை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழ்வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, மேல்வாயில் ரப்பர் ஹோஸ் மாட்டி ஊதினேன். அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஊசிமுனை அளவு இடத்திலிருந்து கடுகு கடுகாகக் குமிழி வரிசை கட்டி ஏறியது. வண்டிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஊசித் துளைக்காக அவர் அதுவரை செலவழித்த பணத்தில் புது டேங்கே வாங்கியிருக்கலாம். பைப்பை மாற்றி அனுப்பினேன், இன்றுவரை அந்த வண்டி கடைசி 4 லிட்டர் வரை ஓடுகிறது.

டேங்கை இறக்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி எஞ்சின் பக்கத்தில் அசையாமல் கட்டி, டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். எரித்தது போக மீதி டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் பைப்பையும் அந்தக் கேனுக்கே திருப்பிவிடுங்கள். சைலன்சர் பக்கம் எதுவும் படக் கூடாது. வண்டியை நிறுத்திவைத்தே அரைமணி நேரம் ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். திணறல் இல்லையென்றால் குறை டேங்கிலோ, டேங்கிலிருந்து வரும் பைப்பிலோ, வழியில் இருக்கிற ஜாயிண்டிலோதான். பம்ப் பக்கம் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

ஒரே மட்டத்தில் நிற்காமல் நினைத்த நேரத்தில் திணறினால் வேறு இரண்டைப் பாருங்கள். ஒன்று, பைப்பின் வாயில் இருக்கும் வலையில் கசடு ஏறியிருக்கும். மற்றது, டேங்கின் காற்றுக் குழாய் அடைத்திருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் இழுத்தாலும் டீசல் வராது. வண்டி திணறுகிற அந்த நிமிடமே இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஓடினால் காற்றுக் குழாய்தான். மீன் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். உப்பும் சேறும் சேர்ந்து அந்தச் சின்ன வாயைச் சுண்ணாம்பு பூசியதுபோல அடைத்துவிடும்.

அடுத்தது மைலேஜ். இதை விரிவாக எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும். மீன் வண்டிக்கு மட்டும் உரியதைச் சொல்கிறேன். ஐஸ் உருகி வருகிற உப்புத் தண்ணீர் பிரேக்குக்குள் போய் ஷூவும் வீல் சிலிண்டரும் இறுகி, பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். திருவாரூரைத் தாண்டியதும் எங்காவது டீக்கடையில் நிறுத்தும்போது நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் உங்கள் டீசல் அங்கேதான் போகிறது. அதோடு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிற சின்ன ரிட்டர்ன் ஹோஸ்கள். நூல் சுற்றிய அந்த ரப்பர் வெடித்து வியர்ப்பதுபோலக் கசிந்துகொண்டே இருக்கும், கீழே சொட்டாததால் கண்ணில் படாது. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் கிழிசல், டயர் காற்று, கிளட்ச் வழுக்கல், பம்ப் டைமிங் எல்லாம் வழக்கமானவை, உங்கள் மெக்கானிக்குக்கே தெரியும். நாசில்களை மட்டும் சோதனை மேசை வைத்திருக்கிற டீசல் பம்ப் பட்டறையில் கொடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து வண்டி 11.5-க்கு வந்து, டேங்கில் 50 லிட்டர் தைரியமாக உபயோகிக்க முடிந்தால், உக்கடம் ட்ரிப்பில் வெளியே வாங்குவது 11 லிட்டர். அதில் நட்டம் 77 ரூபாய். 61 நாள் தடைக்காலம் போக ஆண்டுக்கு 43 வாரம் ஓடினால் 3,300 ரூபாய். 22,000 ரூபாய் டேங்க் அந்தக் காசைத் திருப்பித் தர ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். 2008 வண்டிக்கு அந்தச் செலவு தகுமா என்று நீங்களே யோசியுங்கள்.

அப்படியும் பெரிய டேங்க் வேண்டும் என்றால், ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீண்ட ஓட்டம் ஓடுகிறவருக்கு அது உதவும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த பிறகு கரண்ட் இல்லாமல், பெட்ரோல் பங்கில் வரிசை நின்று, டீசல் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு டேங்க் நிறைய டீசல் இருப்பதன் அருமை தெரியும். ஆனால் எப்படிச் செய்வது என்பதில்தான் என் பிடிவாதம் எல்லாம்.

பழைய டேங்கை வெட்டி நீட்டுவது வேண்டவே வேண்டாம். 14,000-த்துக்குச் செய்து தருகிறேன் என்பவர் நல்ல வெல்டராகவே இருக்கலாம். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்ற நம்பிக்கையில்தான் இந்த வேலையைத் துணிந்து செய்கிறார்கள். நம் நாட்டில் விற்கிற டீசல் ஆவி தீப்பிடிக்கக் குறைந்தபட்ச வெப்பம் என்று தரக்குறியீடு வைத்திருப்பது 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் டேங்க் தகடு அதைவிடச் சூடாகவே இருக்கும். சோப்புத் தண்ணீர் விட்டு எவ்வளவு அலசினாலும் தகட்டின் மடிப்பு ஓரங்களில் டீசல் படிந்திருக்கும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகி, உள்ளே இருக்கிற காற்றோடு கலந்து, வெல்டிங் பொறியே திரியாகிவிடும். நான் தொழில் பழகிய பட்டறையில் இரண்டு நாள் கழுவிக் காயவைத்த டேங்க் ஒன்று வெல்டிங் ராடு தொட்ட நிமிடத்தில் வெடித்து, அதன் பக்கத் தகடு கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு போனது. வெல்டர் ஒரு பக்கமாகக் குனிந்திருந்ததால் உயிர் பிழைத்தார், கை வெந்துபோனது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எந்த விலைக்கும் ஒரு மனிதனை அந்த இடத்தில் உட்காரவைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆபத்தைத் தள்ளிவைத்தாலும் அந்த வேலை தேறாது. உங்கள் டேங்கைத் தாங்குகிற பட்டையும் தாங்கியும் 55 லிட்டருக்குச் செய்தவை. டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.83 கிலோ. 55 லிட்டர் 46 கிலோ, 100 லிட்டர் 83 கிலோ. தகட்டின் எடை வேறு. கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிற 40 கிலோ நெல் மூட்டை ஒன்று கூடுதலாகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அசையாமல் இருக்கிற மூட்டை இல்லை, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு ஆற்றங்கரை வளைவுக்கும் அலைமோதுகிற எடை. கம்பெனி டேங்குகளுக்குள்ளே அலையை உடைக்கத் தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள். வெட்டி நீட்டுகிறவர் அதைப் பெரும்பாலும் வைப்பதில்லை. இன்னொன்று, கையில் கிடைக்கிற, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை எடுத்து ஒட்டிவிடுவார்கள், துருப்பிடிக்காது என்று பெருமையாகவும் சொல்வார்கள். துத்தநாகப் பூச்சு டீசலுக்கு ஆகாது. அது டீசலில் இருக்கிற அமிலத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரிக் கரைந்து வந்து ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். செம்புக் குழாயும் அப்படித்தான், டீசலைச் சீக்கிரம் கெடுக்கும்.

இரண்டாவது டேங்க் கட்டுவதில் நான் சொல்ல வேண்டியது ஒரு விபத்து. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி ஃபில்டர் மாற்ற என்னிடம் வந்தது. எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு டேங்க். இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு, திருப்பினால் இந்த டேங்க், திருப்பினால் அந்த டேங்க். நன்றாகச் செய்திருக்கிறார்களே என்று நினைத்தேன். ரிட்டர்ன் பைப் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். பம்ப் தனக்குத் தேவையானதைவிட அதிகமாக இழுத்து, எரித்தது போக மீதியை ரிட்டர்னில் திருப்பி அனுப்பும். அந்த வண்டியில் எந்த டேங்கிலிருந்து இழுத்தாலும் ரிட்டர்ன் பழைய டேங்குக்கே போனது. ஒருநாள் பழைய டேங்க் நிரம்பியிருக்கும்போது புதுசிலிருந்து இழுத்து ஓட்டினார். பழைய டேங்க் நிரம்பி வழிந்து, காற்றுக் குழாய் வழியாகச் சாலையில் கோடு போட்டது. ஒரு பாலத்து இறக்கத்தில் பின்னால் வந்த இருசக்கர வாகனம் அந்த டீசலில் வழுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்தது. வண்டிக்காரர் நடந்ததே தெரியாமல் போய்விட்டார், மறுநாள் போலீஸ் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு டேங்க் வண்டி எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ரிட்டர்னைத்தான்.

எனவே வால்வு போட்டால் சக்‌ஷனும் ரிட்டர்னும் சேர்ந்தே திரும்புகிற ஆறு வழி வால்வு போட வேண்டும். விலை கூடுதல்தான், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அடியில் ஒரு குழாய் போட்டு இரண்டு டேங்கையும் இணைத்துவிடலாம் என்பார்கள். வண்டியில் எல்லாவற்றுக்கும் கீழே தொங்குகிற குழாய் அது, ஒரு வேகத்தடையில் உரசினால் இரண்டு டேங்கும் சாலையில் காலி. ஒவ்வொரு டேங்குக்கும் தனிக் காற்றுக் குழாய் வேண்டும். டீசல் மட்டத்தைக் கேஜுக்குச் சொல்கிற மிதவையும் அந்த டேங்கின் ஆழத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கேஜ் காட்டுவதை நம்ப முடியாது.

எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். சைலன்சர் போகிற பக்கமாக இருந்தால் அங்கே டேங்க் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். நம் பக்கத்துக்கு இது இன்னும் முக்கியம். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் விதைத்து, பங்குனி சித்திரையில் பிடுங்கி, செடியோடு சாலையில் பரப்பிவிடுகிறார்கள். வண்டிச் சக்கரம் ஏறிக் காய் உதிரட்டும் என்று. அந்தக் காய்ந்த கொடி புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் மேல் ஒட்டிக்கொள்ளும். அது புகைந்து வண்டியே எரிந்த சம்பவங்கள் உண்டு. அந்த இடத்திலேயே 40 லிட்டர் டீசல் டேங்கும் இருந்தால் என்ன ஆகும்? டேங்க் கட்டினாலும் கட்டாவிட்டாலும், அந்த மாதங்களில் உளுந்து பரப்பிய இடத்தைத் தாண்டியதும் நிறுத்தி, கீழே குனிந்து கொடியை இழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இடைவெளியை அளக்கும்போதும் காலி வண்டியில் அளக்காதீர்கள். முழு லோடு ஏற்றி, ஸ்பிரிங் பட்டை அமுங்கி, பின் அச்சு ஹவுசிங் மேலே ஏறி நிற்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.

மீன் வண்டிக்கு உள்ள பெரிய எதிரி பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத் தண்ணீர். டேங்கின் மேல்தட்டிலும், பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவிலும் அது தேங்கி நிற்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், பட்டையைக் கழற்றினால் அடியில் தகடு அப்பளம் மாதிரி உதிரும். பட்டைக்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டும், சாக்குத் துணி வைக்கக் கூடாது. துணி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டித் தண்ணீரை டேங்கில் படாமல் ஒரு குழாய் வைத்துப் பின்னால் இறக்கிவிடுங்கள். சாலையில் ஒழுகவிடாமல் ஒரு கேனில் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

காகித வேலையைக் கடைசியாகச் சொல்கிறேன் என்பதால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது பற்றிக் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாமல் மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று இருக்கிறது. உங்கள் வண்டிக்கு எட்டு ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டதால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் கீழே குனிந்து பார்த்தால் புது டேங்க் முதலில் கண்ணில் படும். ஆகவே வேலை தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே பெரிய டேங்க் கொடுத்திருக்கிறதா என்று டீலரின் பாகங்கள் கவுன்டரில் சேஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் அதன் பட்டை, மிதவை, பைப் எல்லாம் சேர்த்து வாங்கிப் போடுவதுதான் சிறந்த வழி. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து என்று வரும்போது இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இதெல்லாம் எதற்கு, வாஞ்சூரில் இரண்டு கேன் பிடித்துப் பெட்டி ஓரத்தில் வைத்துக்கொண்டால் போகிறது என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு கேன் மூடி கசிந்தால் போதும், மீனில் டீசல் வாடை ஏறி லோடு முழுவதும் உக்கடத்தில் திரும்பிவிடும். செக்போஸ்ட்டில் வண்டி டேங்கில் இருக்கிற டீசலை யாரும் கேட்க மாட்டார்கள், கேனைக் கேட்பார்கள்.

டேங்க் பெரிதானால் பராமரிப்பும் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வண்டி நிற்கும்போது 100 லிட்டர் டேங்கில் 20 லிட்டர் விட்டுவைத்தால், மீதி 80 லிட்டர் இடத்தில் இருப்பது கடற்கரைக் காற்று. இரவில் அது குளிர்ந்து உட்பக்கத் தகட்டில் வியர்க்கும், வியர்த்தது அடியில் சேரும். டீசலுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு படலம் வளரும். ஃபில்டரை அடிக்கடி மாற்றியும் தீராத பல வண்டிகளில் நான் பார்த்தது அதைத்தான். எனவே எந்த அளவு டேங்காக இருந்தாலும் தடைக்காலத்துக்கு நிறுத்தும்போது நிரப்பி நிறுத்துங்கள், ஆனால் மூடி வாய் வரை நிரப்பாதீர்கள். காலையில் 25 டிகிரியில் நிரப்பிய 100 லிட்டர் மதியம் 40 டிகிரிக்குப் போனால் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குப் பெருகும். அதற்கு இடம் வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தடைக்காலம் தொடங்கியதும் முதல் வாரத்திலேயே, டேங்கை நிரப்பி நிறுத்துவதற்கு முன், டீசல் குறைவாக இருக்கிற ஒரு காலை நேரத்தில், டேங்கின் அடி போல்ட்டைத் திறந்து முதலில் வருகிற ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு இரவு அசையாமல் வையுங்கள். அடியில் எத்தனை விரல் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு டேங்கை இறக்கி, பைப்பை எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கி ஊதுங்கள். குமிழி வந்தால் அடியிலிருந்து எத்தனை அங்குலத்தில் வருகிறது என்று அளந்து, அதே உயரத்தில் டேங்கில் எத்தனை லிட்டர் நிற்கும் என்று ஊற்றிப் பாருங்கள். 14 லிட்டருக்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் நோய் அதுதான். குமிழி வரவில்லையென்றால், மூடியைத் திறந்தபோது சத்தம் வந்ததா, கேன் கட்டி எஞ்சினை ஓட்டியபோது என்ன ஆனது, எந்தச் சக்கரம் சூடாக இருந்தது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எதைத் திறப்பது என்று சொல்கிறேன்.